'வளர்ச்சி'க் கட்டுரையும் சேரிப் பிள்ளைகளும்

ஒடுக்குகிறவனுக்கு ஒடுக்கப்பட்டவன் வாயிலிருந்து கேட்கப் பிடித்த கதை ஒன்றே ஒன்றுதான். 'முன்னே எப்படிக் கெடந்தேன், இப்போ எப்படி ஆயிட்டேன்' என்கிற கதை. ஆண்டைகள் காலத்தில் அதைத் திண்ணையில் சாய்ந்துகொண்டு கேட்டார்கள். 'எல்லாம் உங்க புண்ணியம் சாமி' என்று கதை முடிய வேண்டும். அப்படி முடித்தால் ஒரு மரக்கால் நெல் கூடக் கிடைக்கும். இன்று அதே கதையைக் கல்லூரியில் தாளில் எழுதச் சொல்கிறார்கள். நெல்லுக்குப் பதில் மார்க்.

நான் இளங்கலைத் தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். கடைசிப் பருவத்தில் எங்கள் துறையில் ஒரு அசைன்மென்ட் கொடுத்தார்கள். தலைப்பு 'கல்லூரி வாழ்வில் என் வளர்ச்சி'. ஐந்து பக்கம். இன்டர்னல் இருபத்தைந்தில் பத்து மார்க் இதற்கு. எப்படி எழுதுவது என்றும் போர்டில் எழுதிப் போட்டார்கள். ஒன்று: கல்லூரிக்கு வருமுன் என் நிலை. இரண்டு: என்னிடம் இருந்த குறைகள். மூன்று: கல்லூரி எனக்கு அளித்தவை. நான்கு: இன்று நான். ஐந்து: நன்றி.

இந்த ஐந்தையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள் தோழர்களே. குறை யாரிடம் இருந்தது என்பது தாளை எடுக்கும் முன்பே முடிவாகிவிட்டது. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பதும் முடிவாகிவிட்டது. மாணவன் செய்ய வேண்டியது கோடிட்ட இடத்தை நிரப்புவது மட்டும்தான். கல்லூரியிடம் ஒரு குறை இருக்கலாம் என்பதற்கு இதில் இடமே கிடையாது. மாணவன் வந்து சேர்ந்ததால் கல்லூரிக்கு ஏதாவது கிடைத்திருக்கலாம் என்பதற்கும் இடம் கிடையாது.

'எல்லாருக்கும் ஒரே தலைப்புதானப்பா, இதுல என்ன பாகுபாடு?' என்று கேட்பார்கள். ஒரே தலைப்புதான். ஆனால் ஒரே தாள் அல்ல. ஊர்த்தெருப் பையன் தன் 'குறை' என்று எதை எழுதுகிறான்? கூச்ச சுபாவம், மேடை பயம், காலையில் எழுந்திருக்காதது. அதெல்லாம் அவனோட தனிப்பட்ட சங்கதி. அவன் தெருவை யாரும் குறை சொல்லவில்லை. சேரிப் பிள்ளை எழுத உட்கார்ந்தால் அவன் தெருவே குறையாகிவிடுகிறது. அப்பா குடி, அம்மா கைநாட்டு, வீட்டில் பேசுவது கொச்சை, சாப்பிடுவது மாட்டுக்கறி. எங்கள் விடுதியில் நாலு பேர் தங்கள் தாளை என்னிடம் காட்டினார்கள். நாலும் ஒரே மாதிரி இருந்தன. 'அறியாமை இருளில் கிடந்தேன். கல்லூரி என்னும் ஒளி கிடைத்தது.' நாலு தாளிலும் சாதி என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை. இருக்காது. 'சாதி கீதின்னு எதையாவது எழுதி வச்சிடாதீங்க, இது இலக்கியத் துறை' என்று வகுப்பிலேயே சொல்லியாகிவிட்டது.

இதுதான் சூழ்ச்சி. வறுமையை எழுதலாம், நிலம் யாரிடம் இருக்கிறது என்று எழுதக் கூடாது. கைநாட்டு என்று எழுதலாம், எழுத விடாதவன் யார் என்று எழுதக் கூடாது. இருட்டை எழுதலாம், விளக்கை ஊதி அணைத்தவன் பெயர் மட்டும் வரக் கூடாது.

நான் அந்த ஐந்து தலைப்பையும் விடவில்லை. ஐந்தையும் எழுதினேன். முதல் தலைப்புக்காக எங்க அம்மாவிடம், நீ ஏம்மா படிக்கல என்று கேட்டேன். இருபது வருசமா கூட இருந்தும் யாரும் அவளைக் கேட்டிராத கேள்வி. அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். 'மூணாவது வரைக்கும் போனேன். தெனம் காலையில என்னையும் இன்னொருத்தியையும் வகுப்பக் கூட்டச் சொல்லுவாங்க. கூட்டுவோம். கூட்டின பிற்பாடு உள்ள உக்காரச் சொல்ல மாட்டாங்க. வாசப்படிகிட்டயே நிப்போம். ஒரு நாள் நின்னேன், ரெண்டு நாள் நின்னேன். அப்புறம் ஒரேயடியா நின்னுட்டேன்.' அவள் கைநாட்டு ஆன கதை இவ்வளவுதான். அதே அம்மா இன்று கரும்பு வெட்டப் போகிறாள். எத்தனை கட்டு, என்ன கூலி, மேஸ்திரி எவ்வளவு அடித்தான் என்று பேப்பர் பேனா இல்லாமல் மனசிலேயே கணக்கு வைத்திருக்கிறாள். குறை இவளிடமா?

'குறைகள்' என்ற தலைப்பின் கீழ், ஸ்காலர்ஷிப் பணம் வரும் முன்னே பீஸ் கட்டச் சொல்லி எங்களை ஆபீஸ் வாசலில் நிறுத்தியதை எழுதினேன். வகுப்பில் 'எஸ்.சி. எல்லாம் எந்திரிங்க' என்று எழுப்பி நிறுத்திப் பெயர் எடுத்ததை எழுதினேன். விடுதிக் கக்கூசுக்குக் கதவு இல்லாததை எழுதினேன். 'கல்லூரி அளித்தவை' என்பதில் நூலகத்தை எழுதினேன். கிடைத்ததை ஏன் மறைக்க வேண்டும்? 'நன்றி'யில் எங்க அம்மாவை, அப்ளிகேசன் பூர்த்தி பண்ணிக் கொடுத்த சீனியர் அண்ணனை, 1944இல் ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்குக் கல்வி உதவித்தொகை தொடங்கக் காரணமாக இருந்த அண்ணல் அம்பேத்கரை எழுதினேன்.

தாள் திரும்பி வந்தது. 'எங்க அம்மா' என்பதைச் சுழித்து 'என் தாயார்' என்று சிவப்பு மையில் போட்டிருந்தது. 'சோறு' சுழிக்கப்பட்டு 'உணவு'. 'கக்கூசு' சுழிக்கப்பட்டு 'கழிப்பறை'. அம்மா பேசிய இடம் முழுக்க ஒரு கோடு இழுத்து 'கொச்சை, தேவையற்ற செய்தி'. கடைசியில் 'தலைப்பினின்றும் விலகல். நன்றியுணர்ச்சி இல்லை'. பத்துக்கு மூன்று.

மூணு மார்க்குக்காக ஒப்பாரி வைக்க இதை எழுதவில்லை. திருத்தியவர் நல்லவரா கெட்டவரா என்பதும் என் பிரச்சினை இல்லை. அவர் கதவை 'கழிப்பறைக் கதவு' என்று திருத்தினார். கதவு போட ஏற்பாடு பண்ணவில்லை. இது ஒரு ஆளின் குணம் அல்ல. பாடசாலை என்கிற அமைப்பு நம்மைப் படிக்கிற விதமே இதுதான்.

சரி, ஒரு தலித் மாணவன் கல்லூரியில் கட்டுரை எழுதினால் அது வேறு எப்படி இருக்க முடியும்? நமக்கு முன்னுதாரணம் இருக்கிறது.

1916ஆம் ஆண்டு மே 9ஆம் நாள். நியூயார்க், கொலம்பியா பல்கலைக்கழகம். கோல்டன்வைசர் நடத்திய மானிடவியல் கருத்தரங்கில் ஒரு மாணவர் கட்டுரை வாசிக்கிறார். வயது 25. பரோடா மன்னரின் உதவித்தொகையில் படிக்கப் போனவர். பெயர் பீமராவ் அம்பேத்கர். கட்டுரையின் தலைப்பு 'இந்தியாவில் சாதிகள்: அவற்றின் இயக்கம், தோற்றம், வளர்ச்சி'. பார்த்தீர்களா, அங்கேயும் 'வளர்ச்சி' இருக்கிறது! யாருடைய வளர்ச்சி? மாணவர் அம்பேத்கரின் வளர்ச்சியா? இல்லை. சாதியின் வளர்ச்சி.

'மகார் சாதியில் பிறந்த நான், மகாராஜாவின் கருணையால் கப்பலேறி...' என்று ஆரம்பித்திருந்தால் அந்த அவை உருகியிருக்கும். கை தட்டியிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. தன்னை மேசை மேல் வைத்து மற்றவர்கள் ஆராய விடவில்லை. சாதியைத் தூக்கி மேசை மேல் வைத்தார். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்றார். சாதிக்குள்ளேயே கல்யாணம் என்கிற வேலி நிற்க வேண்டுமானால் ஆணும் பெண்ணும் எண்ணிக்கையில் சரிக்குச் சரி இருக்க வேண்டும். புருசன் செத்தால் ஒரு பெண் மிச்சம். பெண்டாட்டி செத்தால் ஒரு ஆண் மிச்சம். மிச்சமான பெண்ணைச் சிதையில் ஏற்று, இல்லையென்றால் விதவைக் கோலத்தில் மூலையில் தள்ளு. மிச்சமான ஆணுக்கு ஒரு சிறுமியைக் கட்டி வை. உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் குழந்தை மணமும் தனித்தனி மூடப்பழக்கங்கள் அல்ல, வேலியைக் காக்கிற ஆயுதங்கள் என்று பிரித்துக் காட்டினார். முதலில் கதவை அடைத்துக்கொண்டவர்கள் பார்ப்பனர்கள், மற்றவர்களில் சிலர் அதைப் பார்த்துச் செய்தார்கள், சிலர் தங்கள் முகத்தில் கதவு அடைக்கப்பட்டதைக் கண்டார்கள் என்றார். செனார்ட், நெஸ்பீல்டு, ரிஸ்லி, கேட்கர் என்று அதுவரை சாதிக்கு இலக்கணம் சொன்னவர்களை எடுத்து வைத்து, எது எங்கே போதவில்லை என்று விசாரித்தார். ஒரு மாணவன்! அந்தக் கட்டுரை 1917 மே மாதம் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் வந்தது.

அப்படியானால் அவர் வளரவில்லையா? வளர்ந்தார். எப்படி என்று பாருங்கள். இருபது வருசம் கழித்து, 1936ஆம் வருச மாநாட்டின் தலைமையுரைக்கு லாகூர் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அவரை அழைத்திருந்தது. உரையைப் படித்துப் பார்த்துப் பயந்து மாநாட்டையே கைவிட்டது. அவர் தன் சொந்தச் செலவில் 1500 பிரதிகள் அச்சடித்தார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. பழைய மாணவக் கட்டுரையையும் இதோடு இணைத்து விரித்து எழுத நினைத்ததாகப் பிற்பாடு ஒரு பதிப்பின் முன்னுரையில் சொன்னார். சாதி எப்படி உண்டாச்சு என்பது 1916இன் கேள்வி. எதை உடைத்தால் அது ஒழியும் என்பது 1936இன் கேள்வி. கேள்வி வளர்ந்தது. இதைத்தான் நான் வளர்ச்சி என்கிறேன்.

தன் வாழ்க்கையை அவர் எழுதவே இல்லையா? எழுதினார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்கிற சிறிய நினைவுக் குறிப்பு அது. அவர் மறைவுக்குப் பிறகு 1990இல் மக்கள் கல்விக் கழகம் அதை வெளியிட்டது. அதில் 1901ஆம் வருசம் ஒன்பது வயதுப் பையனாக மாசூர் ரயில் நிலையத்தில் இறங்கி நிற்கிறார். மகார் என்று தெரிந்ததும் ஒரு வண்டிக்காரனும் ஏற்றவில்லை. இரட்டிப்பு வாடகை கொடுத்துப் பிள்ளைகளே வண்டியை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடையாது. பிறகு 1917. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடாவுக்கு வேலைக்கு வருகிறார். இந்து விடுதிகள் இடம் தராது என்று தெரிந்து பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்குகிறார். பதினோராவது நாள் ஒரு கும்பல் தடியோடு வந்து வெளியே போ என்கிறது. எங்கள் கல்லூரிக் கணக்குப்படி 1901இல் இருந்தது 'முன் நிலை', 1917இல் இருந்தது 'இன்று நான்'. நடுவில் எவ்வளவு பெரிய வளர்ச்சி! ஆனால் ஊர் அதே ஊர்தான். அவர் தன்னைப் பற்றி எழுதும்போதும் சாட்சி சொல்லத்தான் எழுதினார். நன்றி சொல்ல அல்ல.

நம்ம மண்ணில் தாத்தா இரட்டைமலை சீனிவாசன் இருக்கிறார். 1939இல் வெளியான 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் தன் கோயமுத்தூர்ப் படிப்பைப் பற்றிச் சொல்கிறார். சுமார் நானூறு பேர் படித்த இடத்தில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். தன் சாதி தெரிந்துவிடுமே என்று மற்றப் பிள்ளைகளோடு விளையாடப் போகாமல், மணி அடிக்கும்வரை வெளியிலேயே இருந்துவிட்டு அப்புறம் வகுப்புக்குள் போயிருக்கிறார். எங்க அம்மா வாசற்படியில் நின்றதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? அப்படிப் படித்தவர் 1893இல் ஒரு பத்திரிகை ஆரம்பித்தார். பெயர் என்ன வைத்தார் தெரியுமா? 'பறையன்'. பள்ளிக்கூடத்தில் எந்தப் பெயரை மறைக்க வேண்டியிருந்ததோ அதையே தலைப்பில் போட்டார்! எங்கள் துறையில் இதற்கு எத்தனை மார்க் போடுவார்கள்?

பழைய கதை, இப்போ யார் சாதி பார்க்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் நாங்குநேரிக்குப் போய் வரட்டும். 2023 ஆகஸ்டில் ஒரு பிளஸ் டூ மாணவர் தனக்கு நடந்த சாதிக் கொடுமையைப் பள்ளியில் சொன்னார். கூடப் படித்த ஆதிக்கச் சாதிப் பையன்கள் ராத்திரி வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. 2024 மே மாதம் அந்த மாணவர் 469 மார்க் எடுத்துத் தேறினார். பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான், நானும் கொண்டாடினேன். ஆனால் வெட்டிய அரிவாள் எந்தத் தெருவில் தீட்டப்பட்டது என்பது பின்னால் போய், 'துயரத்தை வென்ற மாணவன்' முன்னால் வந்துவிட்டான். அடுத்த மாதமே நீதிபதி சந்துரு குழு, பள்ளிகளில் சாதியை ஒழிக்கப் பரிந்துரைகளைக் கொடுத்தது. அதைப் பற்றி எந்தக் கல்லூரியாவது ஐந்து பக்கம் அசைன்மென்ட் கேட்டதா? வளர்ந்தவனைப் பற்றி எழுத எல்லாருக்கும் ஆசை. வெட்டியதைப் பற்றி எழுத யாருக்கும் கை வரவில்லை.

ஐதராபாத் ரோகித் வெமுலாவை நினைத்துப் பாருங்கள். 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். கொலம்பியாக் கட்டுரைக்குச் சரியாக நூறாவது வருசம். கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு 'என்ன எழுத்து' என்று வியந்தார்கள். உயிரோடு இருந்தபோது உதவித்தொகையை நிறுத்தி, விடுதியிலிருந்து வெளியேற்றி, வளாகத்துக்குள் வெட்டவெளியில் படுக்க விட்டார்கள். அப்போதும் அவர் துணைவேந்தருக்கு எழுதினார். அந்த எழுத்தை யார் வியந்தார்கள்?

மொழிக்கு வருவோம். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. சேரிப் பேச்சிலேயே எழுதிய புத்தகம். அன்று முகம் சுளித்தவர்கள் உண்டு. இன்று அது பாடம். 'கருக்கின் மொழிநடையை விளக்குக' என்று கேட்டால் நாங்கள் 'வட்டார வழக்கு, பேச்சு மொழியின் வீரியம்' என்று எழுதி மார்க் வாங்குகிறோம். அதே மொழியில் அதே மாணவன் தன் அம்மாவைப் பற்றி எழுதினால் 'கொச்சை'! புத்தகமாக வந்தால் வீரியம், பிள்ளையாக வந்தால் கொச்சையா? பாடத்தில் இருப்பதும்கூட நிச்சயம் இல்லை. 2021 ஆகஸ்டில் தில்லிப் பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவையும் சுகிர்தராணியையும் தூக்கியது. நம் எழுத்து அவர்களுக்கு வைக்கவும் எடுக்கவும் வசதியாக இருக்க வேண்டும்.

விடுதித் தோழர் ஒருவர் கேட்டார்: 'மார்க் முக்கியம்டா தம்பி. நன்றின்னு நாலு வரி எழுதினா என்ன கொறஞ்சிடப் போவுது?' நியாயமான கேள்வி. முதல் தலைமுறையாகப் படிக்க வந்து, ஒரு பேப்பர் போனால் அம்மாவின் ஒரு வருச உழைப்பு போகும் என்று நிற்கிற பிள்ளையை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவன் நாலு வரி எழுதி மார்க் வாங்கட்டும். ஆனால் அவன் தனக்கென்று இன்னொரு பிரதி எழுத வேண்டும். அதைத் துறைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. விடுதியில் வாசிக்கட்டும். இதுபோன்ற பத்திரிகைக்கு அனுப்பட்டும். முதல் பிரதியை மட்டுமே மூணு வருசம் எழுதிக்கொண்டிருந்தால் அதையே நம்ப ஆரம்பித்துவிடுவோம். படித்து வேலைக்குப் போய், காலனிப் பக்கம் தலை காட்டாமல், 'நம்ம ஜனங்க திருந்தணும் சார்' என்று பேசுகிற அதிகாரிகள் அந்த முதல் பிரதியிலிருந்து உருவானவர்கள்தான்.

அப்போ இந்த அசைன்மென்டால் எனக்கு வளர்ச்சியே இல்லையா? இருக்கிறது. எங்க அம்மா ஏன் படிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு 'கைநாட்டு' என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் மாறிவிட்டது. அது இப்போது அவளைக் குறிக்கவில்லை, அந்த வகுப்பறையைக் குறிக்கிறது. 'எனக்கு என்ன குறை?' என்று கேட்டுக்கொண்டு வந்த தாளில் 'இதைச் செய்தவர் யார்?' என்று கேட்கத் தெரிந்தது. அம்மாவிடம் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டினேன். 'இதெல்லாமா காலேஜுல எழுதுவாங்க?' என்றாள். எழுதணும்மா என்றேன். இதற்கு மார்க் போட எங்கள் துறையில் ஆள் இல்லை.

மாணவத் தோழர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2025 ஜூலையில் நம் விடுதிகளுக்கு 'சமூகநீதி விடுதி' என்று அரசு புதுப்பெயர் அறிவித்தது. பெயர் நல்ல பெயர்தான். பலகை மாறினால் போதாது, கதவு மாற வேண்டும். அதைக் கேட்பதும் எழுத்து வேலைதான். ஒவ்வொரு விடுதியிலும் ஒரு நோட்டுப் போடுங்கள். ஸ்காலர்ஷிப் எந்தத் தேதியில் வந்தது, பீஸ் கட்டவில்லை என்று யாரை எத்தனை நாள் வெளியே நிறுத்தினார்கள், வகுப்பில் யார் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள். உங்கள் அம்மாவிடமும் ஆயாவிடமும் எந்த வகுப்போடு, எதனால் நின்றீர்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். ஒரு சொல்லையும் 'தாயார்' ஆக்காதீர்கள்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒன்று. இத்தனை வருசமாக நீங்கள் எங்களுக்கு அசைன்மென்ட் கொடுத்தீர்கள். இந்த முறை நாங்கள் உங்களுக்கு ஒன்று கொடுக்கிறோம். தலைப்பு: 'சேரிப் பிள்ளைகள் வந்த பிறகு எங்கள் கல்லூரி அடைந்த வளர்ச்சி'. ஐந்து பக்கம். ஒன்று: அவர்கள் வருமுன் கல்லூரியின் நிலை. இரண்டு: கல்லூரியிடம் இருந்த குறைகள். மூன்று: அவர்கள் கல்லூரிக்கு அளித்தவை. நான்கு: இன்று கல்லூரி. ஐந்தாவது தலைப்பு வேண்டாம். நன்றி எங்களுக்குத் தேவையில்லை. சாதி என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கொச்சையில் எழுதினாலும் மார்க் குறைக்க மாட்டோம்.